நிலச் சட்டத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? சட்டக் கல்லூரிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் எல்.எல்.பி. படிப்பவர்களுக்கு நிலம் இரண்டு தாள்களாக வருகிறது. ஒன்று சொத்துச் சட்டம். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் (மாணவர் பேச்சில் டி.பி. ஆக்ட்) வசதியுரிமைச் சட்டமும் (பிறர் நிலத்தில் வழி, நீர் போன்ற உரிமைகள்) அதில் அடங்கும். மற்றொன்று நிலச் சட்டங்கள். ஜமீன் ஒழிப்பு, உச்சவரம்பு, குத்தகைதாரர் பாதுகாப்பு, பட்டா, ஆக்கிரமிப்பு, நில எடுப்பு என்று பெரும்பாலும் மாநிலச் சட்டங்களாக அது நீளும். எந்தப் பருவத்தில் எது வரும் என்பது பாடத்திட்டத்தைப் பொறுத்தது. இரண்டையும் தனித்தனியாகப் படித்து, ஒன்றை எழுதும்போது மற்றொன்றை மறந்துவிடுவதுதான் வழக்கம். நீதிமன்றத்துக்கு வரும் நிலத்துக்கு அந்தப் பிரிவினை தெரியாது. ஒரே சர்வே எண்ணில் கிரயம், பட்டா, குத்தகை, வாரிசுரிமை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

அதனால் இந்த வழிகாட்டி ஒரே ஒரு முறையைச் சொல்கிறது. உண்மையான ஒரு நிலத்தின் காகிதங்களை முதலில் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு சட்டத்தையும் அந்தக் காகிதத்தின்மேல் வைத்துப் படியுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

பாடத்திட்ட நகல், பேர் ஆக்ட்டுகள் (உரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள பதிப்புகள்), ஒரு தடித்த நோட்டு. இவை போதும். வழிகாட்டி நூல்களைக் கடைசியில் வாங்கலாம். பேர் ஆக்ட் வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். வெளிமாநிலப் பதிப்புகள் பலவற்றில் மத்தியச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தங்கள் இருக்காது, இருந்தாலும் பொடி எழுத்தில் அடிக்குறிப்பாகக் கிடக்கும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் இது பெரிய ஆபத்து. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயமா என்று கேட்டால், பொதுப் பதிப்பை மட்டும் படித்தவர் ‘கட்டாயமில்லை’ என்று எழுதுவார். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பிரிவு 17(1)இல் ‘ஜி’ என்ற உட்பிரிவைச் சேர்த்து, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்தின் விற்பனை ஒப்பந்தத்தைக் கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவந்துவிட்டது. அப்படிப் பதிவாகாத ஒப்பந்தத்தை ஏற்றதை ஆற்றக் கோரும் (ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்கும்) வழக்கில் சான்றாக ஏற்கலாமா என்ற கேள்விக்கு, பிரிவு 49இன் காப்புரையைக் காட்டி ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் ஆர். ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் சொன்னது. திருத்தத்தையும் தீர்ப்பையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.

பேர் ஆக்ட்டின் ஓரத்தில் பென்சிலால் மாநிலத் திருத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவுச் சட்டத்தில் குறைந்தது மூன்று இடங்கள்: அரசு நிலம், கோயில் நிலம், அங்கீகாரமில்லாத மனை முதலியவற்றின் பதிவை மறுக்கச் சொல்லும் 22-ஏ, போலி ஆவணங்களை மறுக்கச் சொல்லும் 22-பி, போலிப் பதிவை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய அதிகாரம் தந்த 77-ஏ. கடைசியில் உள்ளதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாது என்று அறிவித்ததையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

முதல் படி: காகிதத்தை வாசித்தல்

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். சொந்தக் குடும்பத்து நிலமோ உறவினர் நிலமோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு ஐந்தும் தெரிந்தால் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்க்கலாம். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று கிடைக்கும். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

ஒவ்வொரு காகிதமும் எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது, எதற்குச் சொல்லாது என்பதுதான் பாடம். கிரயப் பத்திரம் உரிமை எப்படிக் கைமாறியது என்று சொல்லும். விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்று சொல்லாது. அதற்குத் தாய்ப்பத்திரத்துக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். பட்டா, அரசுக்குத் தீர்வை (நிலவரி) கட்டும் பொறுப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று சொல்லும், உரிமைமூலம் ஆகாது. பெயர் மாற்றப் பதிவு உரிமையை உண்டாக்கவும் செய்யாது, அழிக்கவும் செய்யாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சவர்ணி எதிர் இந்தர் கௌர் வழக்கில் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அடங்கல், ஒரு பசலி ஆண்டில் (வருவாய்த் துறைக் கணக்காண்டு) அந்த நிலத்தில் என்ன பயிர், யார் அனுபவம் (யார் கைவசம்) என்பதைக் காட்டும். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டும் காட்டும். வாரிசுரிமை, வாய்மொழிப் பாகப்பிரிவினை, நிலுவையில் உள்ள வழக்கு, பதிவாகாத உயில் எதுவும் அதில் வராது. ‘வில்லங்கம் இல்லை’ என்று சான்று வந்த நிலம் வழக்கில் மாட்டுவதற்கு இதுவே முதல் காரணம்.

‘அ’ பதிவேட்டைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாணவருக்கு இதைவிடப் பயனுள்ள பக்கம் வேறில்லை. பழைய சர்வே எண், புதிய எண், ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்) சர்க்கார் நிலமா என்ற குறி, நஞ்சையா புஞ்சையா, மண் வயனம், தரம், தீர்வை வீதம், பரப்பு, பட்டா எண் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். பின்னால் உச்சவரம்புச் சட்டத்தில் ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் வகைக்கும் தீர்வைக்கும் ஏற்ப மாற்றிய ஏக்கர்) கணக்கு வரும்போது அதற்கான தீர்வை வீதம் இங்கிருந்துதான் வருகிறது. புறம்போக்கு என்றால் எந்த வகை (மேய்க்கால், நீர்நிலை, பாதை) என்பதும் இதே பதிவேட்டில்தான்.

அளவுகளை மனப்பாடம் செய்துவிடுங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். பழைய பத்திரத்தில் ஏக்கர், சென்ட். நகரத்தில் கிரவுண்ட். காவிரிப் படுகையில் குழி, மா, வேலி.

1 ஏக்கர் = 100 சென்ட் = 40.47 ஏர்ஸ்
1 சென்ட் = 435.6 சதுர அடி
1 ஹெக்டேர் = 100 ஏர்ஸ் = 2.47 ஏக்கர்
1 கிரவுண்ட் = 2,400 சதுர அடி

பட்டாவில் 0.40.50 என்று இருந்தால் 40.5 ஏர்ஸ், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மாவை ஏறக்குறைய ஒரு ஏக்கராகக் கொள்ளலாம். ஆனால் குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். பத்திரத்தில் எந்தக் குழி என்று பார்க்காமல் பெருக்கக் கூடாது. பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434.

பத்திரத்தில் சொன்ன பரப்பும் நான்கெல்லையும் ஒத்துப்போகவில்லை என்றால் பொதுவாக எல்லையே நிற்கும். தேர்வில் சிறுவினாவாகவும் இது வரும், வழக்காடும்போது வாரம் ஒருமுறையும் வரும்.

இரண்டாம் படி: டி.பி. ஆக்ட்டை எந்த வரிசையில் படிப்பது

பிரிவு 1இலிருந்து நேராகப் படித்துக்கொண்டு போனால் பிரிவு 10 தொடங்கி நிபந்தனைகள், பிறவாதோர் நலன், நிரந்தரத்தடை விதி (சொத்தை முடிவில்லாமல் கட்டிவைக்கத் தடை) என்று ஒரு சதுப்பில் இறங்குவீர்கள். பலர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அந்தப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதலில் பிரிவு 3. அசையாச் சொத்து என்பதில் வெட்டுமரமும் விளைந்துநிற்கும் பயிரும் புல்லும் சேராது. வெட்டுவதற்காக நிற்கும் மரத்துக்கும், நின்று காய்த்துப் பலன் தருவதற்காக உள்ள மரத்துக்கும் வேறுபாட்டை 1958ஆம் ஆண்டின் சாந்தாபாய் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் விளக்கிய பகுதியை மூலத்திலேயே படியுங்கள். சிலிகா ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையை அசையாச் சொத்தில் அடங்கும் நலனாகக் கருதிய ஆனந்த பெஹெரா வழக்கையும் பக்கத்தில் வையுங்கள். இதே பிரிவில் ‘அறிவிப்பு’ என்பதன் விளக்கம் இருக்கிறது. பதிவான ஆவணம் பற்றி வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் கருதும், நிலத்தில் குடியிருப்பவரின் உரிமை பற்றியும் அப்படியே. பின்னால் வரும் பாதிப் பிரிவுகள் இந்த விளக்கத்தின்மேல்தான் நிற்கின்றன.

அடுத்து 5 முதல் 8 வரை. 6(ஏ)யில் வாரிசாகும் நம்பிக்கையை மாற்றிக்கொடுக்க முடியாது என்பதை நன்றாக ஊன்றிக்கொள்ளுங்கள். அங்கிருந்து நேராக விற்பனைக்கு: 54, 55. பிரிவு 54 விற்பனை ஒப்பந்தம் தானாகச் சொத்தில் எந்த நலனையும் உண்டாக்காது என்கிறது. பொது அதிகார ஆவணத்தையும் ஒப்பந்தத்தையும் வைத்து நடக்கும் ‘விற்பனை’ உரிமையைத் தராது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கு முடிவு செய்ததற்கு வேர் இந்த வரிதான்.

பிறகு சட்டத்தின் நெஞ்சுப் பகுதி: 41, 43, 44, 48, 52, 53, 53-ஏ. இவற்றுக்கு இரண்டு வாரமாவது கொடுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் நிபந்தனைகளை எண் போட்டு எழுதுங்கள். உதாரணமாக 53-ஏ (ஒப்பந்தத்தை நம்பி அனுபவத்துக்கு வந்தவருக்கான பாதுகாப்பு): எழுத்தில் ஒப்பந்தம், அதில் மாற்றிக்கொடுப்பவரின் கையொப்பம், விதிகளை உறுதியாகத் தெரிந்துகொள்ள முடிய வேண்டும், வாங்குபவர் அனுபவத்துக்கு வந்திருக்க வேண்டும் அல்லது ஏற்கெனவே அனுபவத்தில் இருந்தால் ஒப்பந்தத்தை ஒட்டி ஏதாவது செய்திருக்க வேண்டும், தன் பங்கை நிறைவேற்றியிருக்க வேண்டும் அல்லது நிறைவேற்றத் தயாராக இருக்க வேண்டும். 2001 செப்டம்பர் 24க்குப் பிந்திய ஒப்பந்தம் என்றால் பதிவும் வேண்டும். கடைசி நிபந்தனையை விட்டவர்கள் இருபது ஆண்டுக்கு முந்தைய குறிப்புகளைப் படிக்கிறார்கள் என்று திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

அடைமானத்தில் 58இன் ஆறு வகை, 60இன் மீட்புரிமை. குத்தகையில் 105 முதல் 111 வரை, அதோடு உரிமத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 1959ஆம் ஆண்டின் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கு. பிரிவு 117ஐத் தவறவிடாதீர்கள். விவசாயக் குத்தகைக்கு, மாநில அரசு அறிவிக்கை செய்தால் ஒழிய, இந்த அத்தியாயமே பொருந்தாது என்கிறது. அந்த வரியில்தான் ஒரு தாள் முடிந்து மற்றொரு தாள் தொடங்குகிறது: விவசாயக் குத்தகைதாரரின் கதை மாநிலச் சட்டங்களுக்குள் போகிறது. தானத்தில் 122, 123, 126 போதும். இதெல்லாம் முடிந்த பிறகு 10 முதல் 14 வரை திரும்புங்கள். அப்போது மூன்று நாளில் முடியும்.

மூன்றாம் படி: பதிவும் முத்திரையும்

இங்கே குழப்பம் ஒன்றுதான், அது பெரிது. பதிவாகாத ஆவணமும் முத்திரைத் தீர்வை செலுத்தாத ஆவணமும் ஒன்று என்று நினைத்து எழுதுகிறார்கள்.

பதிவு கட்டாயமான ஆவணம் பதிவாகவில்லை என்றால், பதிவுச் சட்டம் பிரிவு 49படி அது சொத்தைப் பாதிக்காது, அந்த நடவடிக்கைக்குச் சான்றாகாது. ஆனால் துணை நோக்கத்துக்கு, உதாரணமாக அனுபவத்தின் தன்மையைக் காட்ட, பயன்படுத்தலாம். முத்திரைத் தீர்வை குறைந்த ஆவணத்துக்கு முத்திரைச் சட்டம் பிரிவு 35 அந்த இடத்தையும் கொடுக்கவில்லை. எந்த நோக்கத்துக்கும் ஏற்க முடியாது என்று 2009இல் அவினாஷ் குமார் சௌகான் வழக்கு சொன்னது. அதே சமயம் முத்திரைக் குறைபாட்டைத் தீர்வையும் அபராதமும் கட்டிச் சரிசெய்துவிடலாம். பதிவுக் குறைபாட்டைக் காலம் கடந்தபின் அப்படிச் சரிசெய்ய முடியாது. ஆகவே ஒரு ஆவணத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய வரிசை: இதற்கு எவ்வளவு முத்திரை? கட்டியாயிற்றா? பிரிவு 17க்குள் வருகிறதா, 18க்குள்ளா? நான்கு மாதத்துக்குள் (பிரிவு 23) தாக்கலானதா, அல்லது அபராதத்தோடு அடுத்த நான்கு மாதத்துக்குள்ளா (பிரிவு 25)?

பிரிவு 47க்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஜனவரி 1இல் ஒரு மனையை ‘ஆ’வுக்குக் கிரயம் எழுதிக் கையெழுத்திடுகிறார், பதிவு மார்ச் 20இல் நடக்கிறது. இடையில் பிப்ரவரி 1இல் அதே மனையை ‘இ’க்கு எழுதி மறுநாளே பதிவு செய்கிறார். மனை யாருக்கு? முதலில் பதிவானது ‘இ’யின் பத்திரம் என்று எழுதினால் தவறு. பதிவான ஆவணம் எழுதிக்கொடுத்த நாளிலிருந்து செயல்படும். டி.பி. ஆக்ட் பிரிவு 48ஐச் சேர்த்தால் ‘ஆ’வுக்கே முன்னுரிமை. இரண்டு பிரிவையும் சேர்த்து எழுதுபவருக்கு முழு மதிப்பெண்.

நான்காம் படி: மாநிலச் சட்டங்களைக் காலவரிசையில் கோத்தல்

இருபது சட்டங்களை அகர வரிசையில் மனப்பாடம் செய்ய முயன்றால் எதுவும் நிற்காது. ஏன் வந்தது என்று தெரிந்தால் நிற்கும். நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்.

முதல் கட்டம், இடைத்தரகர்கள். 1802ஆம் ஆண்டின் நிரந்தரத் தீர்வை ஒழுங்குமுறை ஜமீன்தாரை நடுவில் வைத்தது. பாராமகாலில் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) ரீடும் மன்றோவும் தொடங்கிய ரயத்துவாரி முறை உழவரிடம் நேரடியாகத் தீர்வை வாங்கியது. 1908இன் எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் பகுதிக் குடியானவருக்குக் குடிவார உரிமையை (நிலத்தைத் தொடர்ந்து வைத்து உழும் உரிமை) காத்தது. 1948இன் 26ஆம் சட்டம் எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக்கியது. சிறு இனாம்கள் (தீர்வைச் சலுகையோடு கொடுத்த மானிய நிலங்கள்) 1963இன் 30ஆம் சட்டத்தில் போயின. இந்த வரலாறு தேர்வுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து நிலத்தில் உரிமைமூலத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால், பத்திரத்தில் முடியாது. எஸ்டேட் ஒழிப்பின்போது பட்டா வழங்கிய செட்டில்மென்ட் அதிகாரியின் உத்தரவில் போய் நிற்கும்.

இரண்டாம் கட்டம், உழுபவர். 1955இன் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956இன் நியாய வார (குத்தகைத் தொகை) சட்டம், 1969இன் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம், 1971இன் குடியிருப்புச் சட்டம். தன் உடலுழைப்போ குடும்பத்தார் உழைப்போ போட்டுப் பயிரிடுபவர்தான் பயிரிடும் குத்தகைதாரர். ஆள் வைத்து மேற்பார்வை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வெளியேற்றும் மனு வருவாய் நீதிமன்றத்துக்குப் போகும், உரிமையியல் நீதிமன்றத்துக்கு அல்ல. பதிவேட்டில் பெயர் சேர்ப்பது வட்டாட்சியர் நிலையில் உள்ள பதிவு அதிகாரியின் வேலை. எந்தச் சட்டத்தைப் படித்தாலும் ‘எந்த மன்றம், மேல்முறையீடு எங்கே, உரிமையியல் நீதிமன்றத்துக்குத் தடை உண்டா’ என்ற மூன்றையும் அட்டவணையாக்குங்கள். பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தில் வட்டாட்சியர், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று படிகள் போகும். உரிமை பற்றிய தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம்.

மூன்றாம் கட்டம், உச்சவரம்பு. 1961இன் 58ஆம் சட்டம் ஐந்து பேர் வரையுள்ள குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. ஐந்துக்கு மேல் உள்ள ஒவ்வொருவருக்கும் 5 கூடும். 1970 பிப்ரவரி 15 என்ற தேதியை வட்டமிடுங்கள். அந்தத் தேதியின் நிலையை வைத்துத்தான் கணக்கு. ஸ்டாண்டர்டு ஏக்கர் சாதாரண ஏக்கர் இல்லை என்பதை மறந்து ‘15 ஏக்கர்’ என்று எழுதுவது மிகப் பொதுவான தவறு. நஞ்சை, புஞ்சை, தீர்வை வீதம் மூன்றையும் வைத்து மாற்ற வேண்டும். குறைந்த தீர்வையுள்ள புஞ்சை பல ஏக்கர் சேர்ந்துதான் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர் ஆகும். நகர்ப்புற உச்சவரம்புச் சட்டம் 1978இல் வந்து 1999இல் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட நாளில் அரசு உண்மையிலேயே நிலத்தைக் கைப்பற்றியிருந்ததா என்ற கேள்வியில் இன்றும் வழக்குகள் திரும்புகின்றன.

நான்காம் கட்டம், அரசு நிலமும் ஒப்படையும் (அரசு நிலத்தை நிபந்தனையோடு வழங்குதல்). 1905இன் நில ஆக்கிரமிப்புச் சட்டம், நீர்நிலைகளுக்கு 2007இன் தனிச் சட்டம், வருவாய் நிலை ஆணைகள், நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்). பஞ்சமி நிலம் இங்கே தனியாகப் படிக்கத்தக்கது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்காகத் தொடங்கிய ஒப்படை அது. முதல் பத்தாண்டு மாற்றவே கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம் என்ற நிபந்தனை அதில் உண்டு. பதிவான கிரயம் கையில் இருந்தும் இந்த நிபந்தனையால் உரிமை வராமல் போகும். ‘பதிவாகிவிட்டால் எல்லாம் சரி’ என்று நம்பும் மாணவருக்கு இதைவிட நல்ல எதிர்ச்சான்று கிடையாது.

ஐந்தாம் படி: அரசியலமைப்பும் நில எடுப்பும்

அரசியலமைப்புத் தாளில் படித்த 31-ஏ, 31-பி, ஒன்பதாம் அட்டவணை (அடிப்படை உரிமைக்கு முரண் என்ற வாதத்திலிருந்து காக்கப்பட்ட சட்டங்களின் பட்டியல்) எல்லாம் நிலத்துக்காக வந்தவை. இதில் சென்னை மாகாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடிப் பங்கு உண்டு. 1961ஆம் ஆண்டு உச்சவரம்புச் சட்டத்தை 1964இல் கிருஷ்ணசாமி நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அதே ஆண்டின் 17ஆவது திருத்தம் அதை ஒன்பதாம் அட்டவணையில் வைத்துக் காப்பாற்றியது. 2007இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த ஐ.ஆர். கோயலோ வழக்கு கூடலூர் ஜன்மம் எஸ்டேட் சட்டத்திலிருந்து எழுந்தது. 1973 ஏப்ரல் 24க்குப் பின் அட்டவணையில் சேர்ந்தவை அடிப்படைக் கட்டமைப்புச் சோதனைக்கு உட்பட்டவை என்பது அதன் முடிவு. சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்து 300-ஏ ஆக மாறியது 44ஆவது திருத்தத்தில்.

2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் (2014 ஜனவரி 1 முதல் நடைமுறை) இழப்பீட்டுக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். சந்தை மதிப்பு 10 லட்சம், ஊரகப் பெருக்கு எண் 1.5 என்று வைத்துக்கொள்வோம். 15 லட்சம். மரம், கிணறு, கட்டட மதிப்பு இருந்தால் இங்கே கூட்டவும். அதன்மேல் 100 விழுக்காடு ஆறுதல் தொகை, ஆக 30 லட்சம். அத்துடன் சந்தை மதிப்பின்மேல் ஆண்டுக்கு 12 விழுக்காடு தனியாக. மரம், கிணற்றின் மதிப்பை ஆறுதல் தொகைக்குப் பின் கூட்டுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. பழைய எடுப்பு காலாவதியாகுமா என்ற 24(2)க்கு 2020இன் இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கு. தமிழ்நாட்டின் மூன்று தனி நில எடுப்புச் சட்டங்கள் தப்பிப் பிழைத்ததற்கு 2021இன் ஜி. மோகன் ராவ் வழக்கு.

ஆறாம் படி: பிரச்சினை வினாவை எழுதிப் பழகுதல்

இந்த ஒன்றை மட்டும் முழுமையாகப் போட்டுப் பார்த்தால் பாதித் தாள் கைவசமாகும்.

ஒரு இந்து 1972இல் தன் சம்பாத்தியத்தில் நிலம் வாங்குகிறார். 2008இல் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். மகன் தன் பெயருக்கு மட்டும் பட்டா மாற்றி, முழு நிலமும் தனக்கே சொந்தம் என்று சொல்லி 2015இல் ஒருவருக்குப் பதிவுக் கிரயம் எழுதிக்கொடுக்கிறார். 2017இல் தாயும் உயிலின்றி இறக்கிறார். 2018இல் மகள்கள் பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறார்கள். வழக்கு நடக்கும்போது 2019இல் வாங்கியவர் நிலத்தில் பாதியை இன்னொருவருக்கு விற்கிறார்.

முதலில் சொத்தின் தன்மை. சுயசம்பாத்தியம் என்பதால் இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 8: நான்கு பேருக்கும் கால் பங்கு. பூர்விகச் சொத்தாக இருந்தால் விடை வேறு. அப்போது 1989இன் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005இன் மத்தியத் திருத்தம், 2020இன் வினீதா சர்மா தீர்ப்பு மூன்றும் வேண்டும். அடுத்து பட்டா: உரிமை தராது. கிரயம்: 2015இல் மகனிடம் இருந்த கால் பங்கு மட்டும் போகும். வாங்கியவர் பிரிவு 41ஐ எடுத்தால், உண்மையான உரிமையாளர்களின் சம்மதத்தோடு மகன் உரிமையாளராகக் காட்சியளித்தாரா, வாங்கியவர் நியாயமான விசாரணை செய்தாரா என்று பார்க்க வேண்டும். தந்தை பெயரில் பத்திரம் இருக்கும்போது வாரிசுகள் யார் என்று கேட்காதவருக்கு இந்தக் கதவு திறக்காது.

தாய் இறந்ததும் அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் பிரிகிறது, ஆளுக்கு 1/12. மகனுக்கு வந்த 1/12ஐ வாங்கியவர் பிரிவு 43படி (இல்லாத உரிமையை விற்றவருக்கு அது பின்னால் வந்தால் வாங்கியவர் கேட்கலாம் என்ற விதி) கேட்கலாம். உண்மை தெரிந்தே வாங்கியிருந்தால் கேட்க முடியாது. 2015இல் அது வெறும் வாரிசு நம்பிக்கைதானே, 6(ஏ) தடுக்காதா என்ற எதிர்வாதத்துக்கு 1962இன் ஜும்மா மஸ்ஜித் வழக்கு விடை: தனக்கு இப்போதே உரிமை இருப்பதாகச் சொல்லி விற்றவருக்கு எதிராக 43 செயல்படும். ஆக வாங்கியவருக்கு 1/4 + 1/12 = 1/3; மகள்களுக்கு ஆளுக்கு 1/3. 2019இல் வாங்கியவருக்குப் பிரிவு 52: வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர், அறியாமல் வாங்கினேன் என்பது உதவாது.

விடையை எழுதும்போது ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு பத்தி. பிரச்சினை ஒரு வரி, விதி பிரிவு எண்ணோடு, பொருத்திக் காட்டுதல், பங்குக் கணக்கு. முடிவை மட்டும் எழுதிக் காரணத்தை விட்டால் மதிப்பெண் போகும். எண்ணைப் போடாமல் ‘சட்டப்படி’ என்று எழுதினாலும் போகும்.

இதே கதையை மாற்றி மாற்றிப் போடலாம். குடும்பம் கிறித்தவக் குடும்பம் என்றால்? மகள்கள் அனுபவத்தில் இல்லாமல் வெறும் விளம்புகை (உரிமையை அறிவிக்கும் தீர்ப்பு) மட்டும் கேட்டால்? அதற்கு 2008இன் அனந்துல சுதாகர் வழக்கு. வாங்கியவர் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் சொன்னால்? கூட்டுரிமையாளர் ஒருவரின் அனுபவம் எல்லோருக்கும் உரியதென்று தொடங்கி, வெளியேற்றல் (மற்றவர் உரிமையை வெளிப்படையாக மறுத்தது) காட்டப்பட்டதா என்று போக வேண்டும்.

பழைய வினாத்தாள்களோடு எச்சரிக்கை

கேள்வி மாதிரியைத் தெரிந்துகொள்ளப் பழைய தாள்கள் நல்லவை. விடைகளை அப்படியே எடுக்கக் கூடாது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மையமாக வைத்த கேள்விக்கு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து எழுத வேண்டும். 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வழியாக மட்டுமே உயிரோடு இருக்கிறது. எதிரிடை அனுபவத்தை (பிறர் நிலத்தை நீண்ட காலம் கைவசம் வைத்து உரிமை கோருதல்) கேடயமாக மட்டுமே பயன்படுத்தலாம் என்ற பழைய குறிப்பை 2019இன் ரவீந்தர் கௌர் கிரேவால் தீர்ப்பு மாற்றிவிட்டது. மூல ஆவணம் காட்டச் சொன்ன பதிவு விதி 55-ஏ(1)ஐ 2025 ஏப்ரலில் கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பின் மாநிலச் சட்டமன்றம் கொண்டுவரும் திருத்தங்களை அரசிதழில் பாருங்கள். தேர்வுக்கு ஒரு மாதம் முன் இந்த நான்கு தலைப்புகளுக்கும் புதிய தீர்ப்பு வந்திருக்கிறதா என்று தேடி, பேர் ஆக்ட் ஓரத்தில் தேதியோடு குறித்துவிடுங்கள்.